பருவமழையும் கணினிக் கணக்கும்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இடுப்பில் படங்கு கட்டி, மழையில் நனைந்து கொழுந்தெடுக்கிற உங்களுக்கு மழையைப் பற்றி நாங்கள் புதிதாக என்ன சொல்ல? ஆனால் "முன்ன மாதிரி மழை இல்ல, வந்தா கொட்டுது, இல்லாட்டி காயுது" என்று லயத்தில் பேசிக்கொள்கிறோமே, அதையே விஞ்ஞானிகள் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதை இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறோம். இது நம் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

காலநிலை மாதிரி என்பது கணினிக்குள் கணக்காகச் செய்த பூமி. காற்று, வெயில், கடல், ஈரம் எல்லாம் எந்த விதிப்படி நடக்கின்றன என்று எழுதி, பூமியைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கணக்குப் போடுவார்கள். உலகம் முழுவதற்குமான மாதிரிகளில் ஒரு சதுரத்தின் பக்கம் பெரும்பாலும் 100 கிலோமீற்றர் அளவில் இருக்கும். நம்ம இலங்கையோ சுமார் 430 கிலோமீற்றர் நீளம், 220 கிலோமீற்றர் அகலம். ஒரு சில சதுரங்களில் நாடே முடிந்துவிடும். ஒரு சதுரத்துக்கு ஒரே உயரம் என்பதால், 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல மலையும் அந்தக் கணக்கில் சின்ன மேடாகிவிடும்.

மலை இல்லாமல் நம்ம மழை ஏது? மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து கொட்டுகிறது. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கிறது. அதே காற்று மலையைத் தாண்டிப் பண்டாரவளைப் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாக வீசுகிறது. டிசம்பரில் வடகீழ் காற்று வந்தால் கதை மாறிவிடும். பதுளைப் பக்கம் நனையும்.

இந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் பிரதேச காலநிலை மாதிரி. உலக மாதிரியின் கணக்கை எல்லையில் வாங்கிக்கொண்டு, உள்ளே நம்ம பிரதேசத்தை மட்டும் 50, 25, சில சமயம் 10 கிலோமீற்றர் சதுரங்களாகப் பிரிக்கிறது. தொழிற்சாலையில் பெரிய கண் சல்லடையில் எல்லாத் தூளும் ஒன்றாக விழும். சின்னக் கண் வைத்தால்தான் தரம் பிரியும். அது மாதிரித்தான் இதுவும். இத்தாலியில் த்ரியெஸ்தே நகர ஆய்வு மையத்தின் 'ரெக்சிஎம்', பிரித்தானியாவின் 'ப்ரெசிஸ்' ஆகியவை இப்படிப்பட்ட மாதிரிகள்.

ஏன் சராசரி மட்டும் போதாது? ஒரு மாதத்தில் 300 மில்லிமீற்றர் பெய்தது என்று வையுங்கள். தினமும் 10 வீதம் பெய்தால் கொழுந்துக்கு நல்லது. இரண்டே நாளில் கொட்டினால் மண் சரியும். மீதி நாள் செடி காய்ந்து, வேலை நாளும் குறையும். மாதக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு பருவத்திலும் மிகக் கூடிய ஒரு நாள் மழை, ஐந்து நாள் மழை, தொடர்ந்து மழையில்லாத நாட்கள் என்று தனித்தனியாக எண்ணுகிறார்கள்.

முதலில் கடந்த 30 வருடத்தை மாதிரியில் ஓட்டி, மழைமானிப் பதிவோடு ஒப்பிடுவார்கள். மாதிரிகள் தூறல் நாளைக் கூட்டியும் கொட்டும் மழையைக் குறைத்தும் காட்டுவது வழக்கம். அதைத் திருத்த உண்மையான அளவு வேண்டும். தோட்ட ஆபீசில் தினமும் எழுதும் மழைக் கணக்கின் பெறுமதி இப்போது விளங்குகிறதா? பிறகு எதிர்காலத்தைப் பல மாதிரிகளில் ஓட்டி, எல்லாம் ஒத்துச் சொல்வதையே நம்புகிறார்கள். ஒரு பாகை செல்சியஸ் சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும். ஆகவே கனமழை இன்னும் கனக்கும் என்பதில் மாதிரிகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

ஆனால் எந்த நாள், எந்த லயத்துக்கு மேல் மண் சரியும் என்று இவை சொல்லா. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியது. ஆகவே இரண்டு காரியம் நம் கையில் வேண்டும்.

ஒன்று, புது வீட்டுக்கு இடம் பார்க்கும்போதும், கான் வெட்டும்போதும், அணைச்சுவர் கட்டும்போதும், "பழைய மழைக்கா, வரப்போகும் மழைக்கா கணக்குப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். அது நம் உரிமை.

இரண்டு, மழையை நாமே அளப்போம். அடியும் வாயும் ஒரே அகலமான, தட்டையான அடியுள்ள டின்னைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் அளந்தால் போதும், பிள்ளைகளே செய்வார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுப்படி, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருங்கள். 100 என்றால் புறப்பட ஆயத்தமாகுங்கள். 150 என்றால் வெளியேறுங்கள். சுவர் வெடித்தாலோ, மரம் சாய்ந்தாலோ, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, நின்றாலோ, அளவு பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அடையாள அட்டையையும் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். சாமான் பிறகு தேடலாம்.