படம் வந்தது, குரல் வரவில்லை

(நமது சங்கத்தின் சித்திரை மாதப் பொதுக்கூட்டத்தில், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். நம் ஹாலில் நிகழ்ச்சி நடத்தும் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. சொந்த ஊர் பசுவந்தனை. முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸ்களில் மோட்டாரும் ஒயரிங்கும் பார்த்தவன். "புரொஜெக்டர் மாட்டுறதைப் பத்தி எல்லாருக்கும் புரியுற மாதிரி பத்து நிமிஷம் சொல்லுங்க" என்று செயலாளர் அண்ணாச்சி கேட்டார். நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்பதல்ல. மாசி மாதம் இதே ஹாலில் நான் செய்த ஒரு தப்பு.

சி பிளாக் வாத்தியார் சாரின் நினைவேந்தல் கூட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். முதலில் நாதஸ்வர இசையோடு பழைய போட்டோக்கள். அதன்பின் சார் தன் பேரனுக்குக் கதை சொல்லி, போனில் பதிவு செய்த ஆறு நிமிடக் குரல். அந்தக் குரலைக் கேட்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தோம். போட்டோ வந்தது. நாதஸ்வரம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெலிசாக வந்தது. சாரின் முகம் வந்தது, வாய் அசைந்தது, குரல் வரவில்லை. நான் சத்தத்தைக் கூட்டினேன், ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். ஐந்து நிமிடத்தில் ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். சாரின் வீட்டு அக்கா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

குரல் எங்கே போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். படத்துக்கு ஒரு பாதை, ஒலிக்கு ஒரு பாதை. இரண்டும் ஒன்றாகப் போகிறது என்று நினைத்தால் கெட்டோம்.

இது இன்று நேற்று வந்த சங்கதி இல்லை. 1905-ல் திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். அது பேசாத படம். தமிழ் பேசிய முதல் படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. நடுவில் 26 வருஷம். படம் முதலில் வந்தது, ஒலி பின்னால்தான் வந்து சேர்ந்தது.

சேர்ந்த பிறகும் ஒன்றாகிவிடவில்லை. சின்ன வயதில் அறுப்பு முடிந்த கரிசல் காட்டில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போடுவார்கள். நான் படத்தைவிட மெஷினைத்தான் அதிகம் பார்ப்பேன். பிலிம், படம் விழும் இடத்தில் ஒரு நொடிக்கு 24 தடவை நின்று நின்று போக வேண்டும். ஒலியைப் படிக்கும் இடத்தில் நிற்காமல் சீராக ஓட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் நடக்காது. அதனால் ஒரு காட்சிக்கான ஒலியை, அந்தக் காட்சிக்குச் சுமார் 20 படக்கட்டம் முன்னால் பிலிமின் ஓரத்தில் அச்சடித்திருப்பார்கள். ஆபரேட்டர் பிலிமைத் தப்பாகக் கோத்தால் வாயசைவு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். ஒரே பிலிமில் இருந்தாலும் பாதை வேறுதான்.

இப்போது நம் ஹாலுக்கு வருவோம். எந்த ஒயர் எதைக் கொண்டுபோகும்?

நீல நிறத் தலை, மூன்று வரிசையில் 15 முள், இரண்டு பக்கமும் திருகு. இது விஜிஏ. 1987-ல் வந்தது. இது படத்தை மட்டும் கொண்டுபோகும். ஒலி துளிகூடப் போகாது. விஜிஏ மாட்டினால் ஒலிக்குத் தனி ஒயர் கட்டாயம்.

தட்டையாக, நாம் டிவியில் மாட்டுகிறோமே, அது எச்டிஎம்ஐ. படமும் ஒலியும் சேர்ந்தே போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிக்கலே இங்கேதான். மாட்டிய உடனே லேப்டாப் தன் ஒலியையும் புரொஜெக்டருக்கு அனுப்பிவிடும். புரொஜெக்டருக்குள் இருப்பது சின்ன ரேடியோப் பெட்டி அளவு ஸ்பீக்கர். நூறு பேர் ஹாலில் அது கொசு ரீங்காரம்தான். "மைக் செட் ஓடுது, ஆனா சத்தம் வரலையே" என்று நாம் தேடுவோம். ஒலி மேலே கூரையில் தொங்கும் பெட்டிக்குள் இருக்கும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, புரொஜெக்டரின் முதுகில் 'ஆடியோ அவுட்' என்ற ஓட்டை இருந்தால் அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுப்பது. இரண்டு, லேப்டாப்பிலேயே ஒலியைப் பிரித்துவிடுவது. திரையின் கீழ் ஓரத்தில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால் ஒலி எங்கே போக வேண்டும் என்று கேட்கும். ஹெட்போனைத் தேர்ந்தெடுத்து, ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஆம்ப்புக்கு ஒயர் கொடுங்கள். நம் ஹாலில் புரொஜெக்டர் எட்டாத உயரத்தில் இருப்பதால் இரண்டாவதுதான் சரி.

படமே வரவில்லையென்றால் பதற வேண்டாம். புரொஜெக்டரில் 'சோர்ஸ்' பட்டனை அழுத்தி, நாம் எந்த ஓட்டையில் மாட்டினோமோ அதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் சாவியையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி 'டூப்ளிகேட்' கொடுங்கள். நம் திரையில் தெரிவதே அங்கும் தெரியும். 'எக்ஸ்டெண்ட்' என்று இருந்தால் சுவரில் வெறும் வால்பேப்பர்தான் தெரியும்.

லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இருந்து புரொஜெக்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் சாதாரண ஒயர் வேலை செய்யாது. நடுவில் மாற்றிக்கொடுக்கும் சின்னப் பெட்டி வேண்டும். வாங்கும்போது அதில் ஒலிக்குத் தனி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யுஎஸ்பி-சி ஓட்டை இருந்தாலே படம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். பல போன்களில் அந்த ஓட்டை சார்ஜுக்கும் பைல் மாற்றவும் மட்டும்தான். சந்தேகமாக இருந்தால் வீடியோவைப் பென் டிரைவில் போட்டு லேப்டாப்பில் ஓட்டுவதே உத்தமம். சினிமா ஆப்களில் பதிப்புரிமைப் பூட்டு உண்டு. போனில் ஓடும் படம் சுவரில் கறுப்பாகத் தெரியலாம், ஒலி மட்டும் வரலாம். அது ஒயர் கோளாறு இல்லை.

டிஷ் பெட்டியை மாட்டும்போது எச்டிஎம்ஐயைப் புரொஜெக்டருக்குக் கொடுங்கள். பெட்டியின் பின்னால் ஒலி வெளியே வரும் ஓட்டை இருந்தால் அங்கிருந்து ஆம்ப்புக்குத் தனி ஒயர். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று இருந்தால், மஞ்சள் படம், சிவப்பும் வெள்ளையும் வலது இடது ஒலி. நமக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்.

புளூடூத் ஸ்பீக்கர் வைக்கலாமா என்று டி பிளாக் தம்பி கேட்டான். பாட்டுக்கு வைக்கலாம். பேச்சு இருக்கும் வீடியோவில் பல ஸ்பீக்கர்களில் ஒலி கொஞ்சம் பிந்தி வரும். டூரிங் டாக்கீஸில் பிலிம் தப்பாகக் கோத்த கதைதான்.

ஆம்ப்பில் எந்த ஓட்டை? 'மைக்' என்றும் 'ஆக்ஸ்' அல்லது 'லைன்' என்றும் போட்டிருக்கும். மைக்கிலிருந்து வருவது மிகச் சன்னமான மின்சாரம், ஆம்ப் அதைப் பல மடங்கு பெருக்கும். லேப்டாப்பிலிருந்து வருவது அதைவிடப் பலமானது. அதை மைக் ஓட்டையில் கொடுத்தால் கரகரவென்று உடையும். லேப்டாப், போன், டிஷ் பெட்டி எல்லாம் ஆக்ஸில்தான் போக வேண்டும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அன்று மிக்சரில் ஆக்ஸ் ஓட்டை காலி இல்லை. என்னிடம் ஒரு முனையில் ஹெட்போன் பின், மறு முனையில் மைக்கின் மூன்று முள் பின் இருந்த ஒரு ஒயர் இருந்தது. மாட்டினேன். பொருந்தியது. பொருந்துவதெல்லாம் சரி என்று நினைத்தேன்.

மைக்கின் மூன்று முள் ஒயரில் ஒலி இரண்டு கம்பிகளில் வருகிறது, ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும். நீள ஒயரில் வழியில் ஏறும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்சர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே மாதிரி இருப்பதைத் தள்ளிவிடும். இரைச்சல் ஒழியும். நல்ல ஏற்பாடு. ஆனால் நான் அந்த இரண்டு கம்பியில் கொடுத்தது லேப்டாப்பின் இடது ஒலியையும் வலது ஒலியையும். போனில் பதிவான குரல் இடது வலது இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றே. மிக்சர் சாரின் குரலை இரைச்சல் என்று எண்ணித் துடைத்துப் போட்டுவிட்டது. நாதஸ்வரம் இடது வலது கொஞ்சம் மாறுபட்டு இருந்ததால் அந்த மாறுபாடு மட்டும் மெலிசாகத் தப்பி வந்தது.

இன்னொரு வெட்கக்கேடும் சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் நான் சோதித்துப் பார்க்காமல் இல்லை. ஒரு சினிமாப் பாட்டை ஓட்டினேன். இசை கேட்டது. "செட் ஆயிருச்சு" என்று டீ குடிக்கப் போய்விட்டேன். அந்தப் பாட்டில் பாடுகிறவர் குரல் அமுங்கிக் கிடந்ததை நான் காதில் வாங்கவே இல்லை.

சரியான ஒயர், ஹெட்போன் பின்னிலிருந்து இடது ஒன்று, வலது ஒன்று என்று இரண்டாகப் பிரிந்து இரண்டு லைன் ஓட்டைக்குப் போகும் ஒயர். சில நூறு ரூபாய்தான். இப்போது நம் ஹால் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பழைய ஒயரை வெட்டிப் போட்டுவிட்டேன்.

அடுத்தது உயிர் விஷயம். புரொஜெக்டரை ஒரு போர்டிலும் ஆம்ப்பை வேறு போர்டிலும் மாட்டினால் 'ஊ...' என்று ஒரு முனகல் வரும். எர்த் இரண்டு வழியில் சுற்றுவதால் வருவது. "எர்த் முள்ளை உடைச்சிட்டா போயிரும் அண்ணாச்சி" என்று யாராவது சொல்வார்கள். போகும். கூடவே ஆளும் போகலாம். கசிவு இருந்தால் மைக் பிடித்தவர் கையில்தான் இறங்கும். எர்த்தைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள். அப்படியும் முனகினால், ஒலி ஒயரின் நடுவில் மாட்டும் ஐசோலேட்டர் கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

தூரம் இன்னொன்று. மேடையிலிருந்து புரொஜெக்டர் வரை பத்துப் பதினைந்து மீட்டர் தாண்டினால் சாதாரண எச்டிஎம்ஐ ஒயரில் படம் மினுக்கும், அல்லது வராது. அதற்கு ஆப்டிகல் எச்டிஎம்ஐ ஒயர் உண்டு. அதில் எந்த முனை லேப்டாப்புக்கு, எந்த முனை புரொஜெக்டருக்கு என்று போட்டிருக்கும். மாற்றி மாட்டினால் படம் வராது.

நம் பக்கத்துக் கரிசல் புழுதி உங்களுக்குத் தெரியும். காற்றுக்காலத்தில் பூட்டிய அறைக்குள்ளும் வந்து படியும். புரொஜெக்டரின் பில்டரை மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். பல்பு உள்ள புரொஜெக்டரை அணைத்ததும் பேன் நிற்கும்வரை மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் அது அணைந்துவிடும் என்பதால் ஒரு யுபிஎஸ் வாங்கலாம் என்பது சங்கத்துக்கு என் வேண்டுகோள்.

கடைசியாக, ஹால் சுவரில் ஒட்ட ஐந்து வரி எழுதி வந்திருக்கிறேன். ஒன்று, நிகழ்ச்சிக்கு முந்தின நாளே மாட்டிப் பாருங்கள். இரண்டு, படத்தின் பாதையையும் ஒலியின் பாதையையும் விரலால் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். மூன்று, ஆம்ப்பைக் கடைசியில் போடுங்கள், முதலில் அணையுங்கள். அப்போதுதான் ஸ்பீக்கர் 'டொப்' என்று அடி வாங்காது. நான்கு, எர்த்தில் கை வைக்காதீர்கள். ஐந்து, எந்த வீடியோவைக் காட்டப் போகிறீர்களோ அதையே, பேச்சு வரும் இடத்தையே, ஓட்டிப் பாருங்கள். ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுச் சொல்லட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாரின் வீட்டு அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஹாலைத் திறந்து, சரியான ஒயரை மாட்டி, அவர்கள் குடும்பத்துக்காக மறுபடி ஓட்டினேன். சாரின் குரல் இந்த ஹால் முழுக்க நிறைந்தது. நடுவில் சார் ஒரு இடத்தில் இருமுவார். அக்கா உடனே பக்கத்தில் திரும்பி, "தண்ணி கொண்டா" என்று பேரனிடம் சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகுதான் அவர்களுக்கே ஞாபகம் வந்தது.

இந்த ஹாலில் இனி யாருடைய குரலும் ஒரு தப்பான ஒயரால் தொலையக் கூடாது. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. கூட்டம் முடிந்ததும் பத்துப் பேர் இருங்கள், ஒவ்வொருவராக மாட்டிப் பார்ப்போம். கடலை மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன்.