பார்சிப் பெயரில் பத்து நாள்

தோழர்களே, சங்கரன்கோவிலில் பொதிகை ரயிலேறிச் சென்னைக்குத் தேர்வெழுதப் போகும் நம் பிள்ளைகள் பத்து நாளைக்கு அறை கேட்டால், "நீங்க சைவமா?" என்கிறார்கள். அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியில்லை. "கேட்டா வேற ஆளுன்னு சொல்லிருப்பா" என்று நாமே சொல்லி அனுப்புகிறோம்.

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவந்த அண்ணல் அம்பேத்கருக்கே 1917இல் பரோடாவில் இதுதான் கதி. பார்சிப் பெயர் சொல்லி, நாளுக்கு ஒன்றரை ரூபாய்க்குப் பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து, மாலைக்குள் காலிசெய்யச் சொன்னார்கள். இந்து நண்பர், கிறித்தவ நண்பர், இருவருமே கைவிரித்தார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பம்பாய்க்கு ரயிலேறினார்.

ஓட்டலில் சாதி பார்க்கக் கூடாதென்கிறது அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு. வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அந்தச் சந்தில்தான் நுழைகிறார்கள். பிள்ளைகளைப் பொய் சொல்லி அனுப்பாதீர்கள். அறை மறுத்தவர் முகவரியைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.