சுன்னத்தும் எயிட்ஸும்: முழுக் கதை
(கரவெட்டியில் தோட்டக் குடும்பங்களிடையே நாம் ஆற்றிய உரை)



 இன்றைக்குக் கொஞ்சம் கூச்சமான விசயம் பேசப் போகிறோம். தலையைக் குனிய வேண்டாம். நாங்கள் வெட்கப்பட்டால் நோய்க்குத்தான் வசதி.

“சுன்னத்துச் செய்தால் எயிட்ஸ் வராதாமே, உண்மையோ?” என்று இளைஞர்கள் கேட்கினம். இது வெறும் புரளி அல்ல. ஆனால் அரைகுறையாகக் கேட்ட கதை.

ஆபிரிக்காவில் சுன்னத்து வழக்கமுள்ள பல சமூகங்களில் எச்.ஐ.வி. குறைவாக இருந்ததை 1980களிலேயே வைத்தியர்கள் கவனித்தார்கள். அதற்குக் காரணம் சுன்னத்தா, வேறு பழக்கவழக்கமா என்று அறிய 3 இடங்களில் ஆய்வு நடந்தது: தென்னாபிரிக்காவில் ஒரேஞ் ஃபார்ம், கென்யாவில் கிசுமு, உகண்டாவில் ரக்காய். சம்மதித்த 11,000க்கும் மேற்பட்ட ஆண்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடனே சத்திரசிகிச்சை, மற்றவர்களுக்குப் பிறகு.

முதல் முடிவு 2005இல் வந்தது. மற்ற இரண்டு ஆய்வுகளையும் 2006 டிசம்பரில் இடையிலேயே நிறுத்தினார்கள். ஏன்? பயன் தெளிவாகத் தெரிந்த பிறகும் மறு பகுதியினரைக் காக்க வைப்பது நியாயமில்லை. பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது ஏறக்குறைய 60 வீதம் குறைந்திருந்தது. முன்தோலின் உட்பக்கத்தில் இந்தக் கிருமி பற்றிக்கொள்ளும் கலங்கள் நிறைய உண்டு. அதுதான் காரணம் என்கிறார்கள்.

60 வீதம் என்றால் என்ன? பத்துப் பேருக்கு வரக்கூடிய இடத்தில் நாலு பேருக்கு இன்னும் வருகுது. மழையில் படங்கு கட்டிக் கொழுந்து பறிக்கிறீர்கள். இடுப்பு நனையாது, தலை நனையும் அல்லவா? அப்படித்தான் இதுவும்.

தாய்மார் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து பார்த்த உகண்டா ஆய்வின் முடிவு 2009இல் வந்தது. மனைவிமாருக்கு அதனால் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. “நான் சுன்னத்துச் செய்தவன், எனக்கு ஆணுறை எதற்கு?” என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சின் விலையை வீட்டில் இருக்கிற பெண்தான் கொடுக்க வேண்டி வரும்.

2007இல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தச் சத்திரசிகிச்சையைச் சிபாரிசு செய்தது, தொற்று மிக அதிகமான கிழக்கு, தெற்கு ஆபிரிக்க நாடுகளை நோக்கியே. ஆணுறையோடு சேர்த்து, அதற்குப் பதிலாக அல்ல. எங்கட நாட்டில் முதல் தொற்று 1987இல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்றும் தொற்று குறைவுதான். முஸ்லிம் சகோதரர்கள் சுன்னத்துச் செய்வது மதக் கடமையாக. அது வேறு விசயம். எயிட்ஸுக்குப் பயந்து இங்கே யாரும் கத்திக்கு ஓடத் தேவையில்லை.

எங்களுக்கு வேண்டியது ஆணுறையும் குருதிப் பரிசோதனையும். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போய் வந்தவர்கள் மட்டுமல்ல, சந்தேகமுள்ள யாரும் போகலாம். நுவரெலியா, பதுளை, கண்டி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலுள்ள அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை இலவசம், இரகசியம் காக்கப்படும். நோய் இருந்தாலும் ஒழுங்காக மருந்து எடுத்து, குருதியில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தால், உடலுறவால் அது மற்றவருக்குத் தொற்றாது. கர்ப்பிணிகளைப் பரிசோதித்து மருந்து கொடுத்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்ற சான்றிதழ் 2019இல் இலங்கைக்குக் கிடைத்தது.

லயத்தில் இனி இந்தக் கதை வந்தால், பாதியில் விடாமல் முழுவதையும் சொல்லுங்கள்.