விளையாட்டிலே ஓவியம் கற்கலாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



எந்தக் குழுவுக்குப் போனாலும் எங்கள் காதில் விழுவது ஒரே புலம்பல்தான்: "புள்ள போனைக் கீழ வைக்கவே மாட்டேங்குது மேடம்." பிடுங்கினால் அழுகை, கொடுத்தால் நமக்குக் கவலை. அந்தப் போனிலும் கம்ப்யூட்டரிலும் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுத்தரும் விளையாட்டுகளும் இருக்கின்றன. எது கற்றுத்தருகிறது, எது நேரத்தைத் தின்கிறது என்று பிரித்துப் பார்க்க அம்மாக்களாகிய நமக்குத் தெரிய வேண்டும்.

இது புதுசு இல்லை. ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ கம்பெனி 1992-லேயே 'மரியோ பெயிண்ட்' என்ற விளையாட்டை மவுஸோடு சேர்த்து விற்றது. 2009-ல் அவர்களுடைய 'ஆர்ட் அகாடமி' வந்தது. அதில் வின்ஸ் என்று ஒரு வாத்தியார் திரையில் தோன்றி, கோடு போடுவது, வெளிச்சம், நிழல் காட்டுவது, வண்ணம் தீட்டுவது என்று படிப்படியாகச் சொல்லித் தருவார். ஆனால் இதற்கெல்லாம் தனி மெஷின் வாங்க வேண்டும். நமக்குக் கட்டுப்படியாகாது.

நமக்குக் கட்டுப்படியாவது 'டக்ஸ் பெயிண்ட்'. 2002-ல் வந்தது. 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, தமிழிலும் இருக்கிறது. பென்குயின் பறவை ஒன்று கீழே இருந்து வழி சொல்லும். ஜெயிப்பது, தோற்பது எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் வசதி அதிகம், ஆண்ட்ராய்டு போனிலும் போடலாம். நம் தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இதைப் பற்றிப் பாடம் வந்தது. பெரிய பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

இதில் பிள்ளை என்ன கற்கும்? முதலில் பயம் போகும். நோட்டில் தப்பாக வரைந்தால் தாள் வீண், திட்டும் விழும். இதில் ஒரு பட்டனை அழுத்தினால் போட்ட கோடு மறைந்துவிடும். அதனால் பிள்ளை தைரியமாக வரைந்து பார்க்கும். அடுத்து, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று தானே கண்டுபிடிக்கும்.

இன்னொரு வசதி, ஒரு பக்கம் கோடு இழுத்தால் மறுபக்கமும் அதே கோடு தானாக விழும். இதைத்தானே நாம் தினமும் வாசலில் செய்கிறோம்! புள்ளி வைத்து, நான்கு பக்கமும் ஒன்று போலக் கோலம் போடுகிறோம். கணக்குப் பாடத்தில் இதற்குப் பெயர் சமச்சீர். "எனக்குப் படிப்பு வராது, நான் என்னத்தச் சொல்லித் தர்றது" என்று சொல்லும் அக்காக்களே, உங்கள் விரலில் அந்தக் கணக்கு இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையில் மறுபாதியை மெஷினே போட்டுவிடுகிறது. பிள்ளையின் கை போடவில்லை. கண்ணாடியில் விரலைத் தேய்த்தால் பென்சில் பிடிக்கும் பலமும் வராது. ஆகவே திரையில் வரைந்ததைத் தாளிலோ தரையிலோ ஒருமுறை கையால் போடச் சொல்லுங்கள். பிள்ளையைத் தாளுக்கும் தரைக்கும் திரும்ப அனுப்புகிற விளையாட்டே நல்ல விளையாட்டு. நம்பரைத் தொட்டால் தானாகக் கலர் நிரம்பும் விளையாட்டில் பொழுது போகும், வரையும் கை வராது.

இன்னும் சில எச்சரிக்கைகள். இலவசம் என்று சொல்லிவிட்டு நடுவில் காசு கேட்கும் விளையாட்டுகள் உண்டு. நம் போனில்தான் வங்கிக் கணக்கும் இருக்கிறது. வாங்குவதற்குப் பாஸ்வேர்டு கேட்கும்படி பிளே ஸ்டோரில் மாற்றி வையுங்கள். பணம் அனுப்பும் ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதற்கும் கீழே உள்ள குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது.

கடைசியாக, மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் பையன் கையில் போன், பெண் கையில் துடைப்பம். அவளும் வரையட்டும். அவனும் காலையில் வாசல் தெளித்துப் புள்ளி வைக்கட்டும். கலைக்கு ஆண், பெண் என்று கிடையாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்: மாதம் ஒரு நாள், உறுப்பினர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து வரைய வேண்டும். ஒரு போன், கொஞ்சம் தாள், ஒரு கிண்ணம் கோலமாவு இருந்தால் போதும். தாளுக்கு ஆகும் செலவைக் குழு ஏற்றுக்கொள்ளலாம். வரைந்த படங்களைக் கூட்டம் நடக்கும் இடத்தின் சுவரில் ஒட்டி வையுங்கள். வரும்போது நாங்களும் பார்க்கிறோம்.