உளி தமிழனுடையது, பெயர் எவனுடையது?



மாமல்லபுரத்திற்குச் செல்வோர் கடற்கரைக் கோயிலைக் காண்பர். ஐந்து கற்றேர்களைக் காண்பர். பெரும்பாறையிற் செதுக்கிய தவக்காட்சியைக் காண்பர். கண்டு வியந்து திரும்புவர். ஊருக்கு மேற்கே பூஞ்சேரி என்னுஞ் சிற்றூரில் உள்ள ஒரு பாறையைத் தேடிச் சென்று காண்போர் மிகச் சிலரே. அப்பாறையில் தேரும் இல்லை. தெய்வ உருவமும் இல்லை. பெயர்கள் உள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் எனப் பல்லவர் காலத்துக் கைவினைஞர் சிலருடைய பெயர்கள் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கல்லைச் செதுக்கிய பெருந்தச்சனோடு கொல்லனும் அங்கே பெயர் பெற்றிருக்கின்றான். கொல்லன் தீட்டித் தராவிடின் எந்தத் தச்சன் உளி கல்லில் ஓடும்?

மன்னன் பெயரே கல்லில் நிற்கும்; உழைத்தவன் பெயர் மண்ணோடு போகும் என்பது உலக வழக்கு. அவ்வழக்கைப் பூஞ்சேரிப் பாறை பொய்யாக்கி நிற்கின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்பே தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த இனத்தின் வழிவந்த கற்றச்சன், இன்று தான் செதுக்கும் சிலையில் தன் பெயரைப் பொறிக்கின்றானா? மாமல்லபுரத்துத் தெருக்களில் விடியற்காலை முதல் உளியோசை கேட்கின்றது. அங்கே பிறந்த சிலைகள் கடல் கடந்து சென்று கோயில்களில் நிற்கின்றன. ஆயினும் பெரும்பாலான சிலைகளோடு செல்வது விற்றவன் கடைப்பெயரே. வடித்தவன் பெயர் பட்டறைப் பொடியோடு பொடியாய்க் கிடக்கின்றது.

பொருளுக்குக் குறியிடும் பழக்கம் தமிழனுக்கு அயலவன் வந்து கற்பித்ததன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுவனவும் இறக்குவனவுமாகிய பண்டங்களின்மேற் சோழனின் புலிக்குறி பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. குறியற்ற பொருள் துறையைக் கடவாது என்னும் கண்டிப்பு அன்றே இருந்தது. அக்கண்டிப்பைக் கைவிட்டதால் நேர்ந்த இழப்பை அறிய நெடுந்தொலைவு போக வேண்டா. மாமல்லபுரத்திலிருந்து கடற்கரை வழியே தெற்கே சென்றாற் சதுரங்கப்பட்டினம் வரும். ஒல்லாந்தர் கோட்டையின் மதில்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் அவ்வயலவர் அங்கே அமர்ந்து, இந்நிலத்து நெசவாளர் நெய்த மென்றுகிலைக் கப்பல் கப்பலாய் ஏற்றிச் சென்றனர். ஒல்லாந்தரின் வணிகக் குழுமம் தன் பெயரின் முதலெழுத்துகள் மூன்றையும் ஒன்றோடொன்று பின்னி ஒரு குறியாக்கி, அதைக் காசிலும் பொறித்தது, பீரங்கியிலும் பொறித்தது, சரக்கிலும் பொறித்தது. அக்குறியை உலகம் இன்றும் அறியும். துகில் நெய்தவன் பெயரைச் சொல்ல அவ்வூரிலும் இன்று ஆளில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மேலை நாட்டு ஆடைக் கடைகளில் 'மெட்ராசு' என்று கேட்டால், பல வண்ணக் கட்டம் போட்ட துணியை எடுத்துப் போடுவார்கள். அத்துணி இந்நாட்டிற்றான் நெய்யப்பட்டது என்பதில்லை. உலகின் எம்மூலையிலும் நெய்யப்பட்டிருக்கலாம். ஓர் ஊரின் பெயர் காவலின்றிக் கிடந்து, ஒரு கட்டத்தின் பெயராகத் தேய்ந்துவிட்டது. காப்பவன் இல்லாத பெயர் பொதுப்பெயராகும். பொதுப்பெயரானபின் அதை எந்த மன்றமும் மீட்டுத் தராது. வணிகக்குறிச் சட்டத்தின் அடிப்படை உண்மை இதுவே.

வணிகக்குறி என்பது யாது? ஒருவன் பொருளை மற்றொருவன் பொருளினின்றும் பிரித்துக் காட்டும் அடையாளமே வணிகக்குறி. அது சொல்லாகவும் இருக்கலாம், உருவாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம். இந்தியாவில் இதற்கென 1940இல் ஒரு சட்டமும், 1958இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டன. இன்று வழக்கில் உள்ளது 1999ஆம் ஆண்டுச் சட்டம், அது 15.9.2003 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகங்களுள் ஒன்று சென்னைக் கிண்டியில் உள்ளது. பொருள்களும் பணிகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கற்சிலைகள் 19ஆம் வகுப்பைச் சார்ந்தவை. தனியாளும் சிறுதொழில் செய்வோரும் கணிவழி வேண்டுகை அளித்தால் ஒரு வகுப்பிற்கு உரூபா 4,500 கட்டணம். வேண்டுகை ஆய்ந்து ஏற்கப்பட்டதும் அக்குறி வணிகக்குறி இதழில் வெளியிடப்படும். நான்கு திங்களுக்குள் மறுப்பு எழாவிடின், அல்லது எழுந்த மறுப்பு தோற்றால், பதிவு உறுதியாகும். பதிவின் வாழ்நாள் வேண்டுகை அளித்த நாளிலிருந்து பத்தாண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தால், தலைமுறை தலைமுறையாக அஃது அக்குடும்பத்தின் உடைமையாய் நிற்கும்.

எப்பெயரைப் பதிவு செய்யலாம்? இங்கேதான் சட்டத்தின் நோக்கும் தனித்தமிழ் நோக்கும் கைகோக்கின்றன. 'கற்சிலை' என்னுஞ் சொல்லை ஒருவன் தன் குறியாகப் பதிய இயலாது. அது பொருளின் பொதுப்பெயர். 'மாமல்லபுரம்' என்பதையும் தனியொருவன் தன்னுடைமை ஆக்கிக்கொள்ள இயலாது. அஃது ஊரார் அனைவர்க்கும் உரியது. பொருளை நேரே விளக்காமல், பிறர் எவரும் வழங்காத புனைபெயருக்கே சட்டம் மிகுந்த காப்பளிக்கின்றது. செங்கற்பட்டுக் கடைத்தெருவில் நின்று பெயர்ப்பலகைகளைப் படித்துப் பாருங்கள். இராயல் என்பார்கள், கோல்டன் என்பார்கள், நேசனல் என்பார்கள். தெருவுக்கு ஒருவர் சூடிக்கொண்ட அப்பெயரை, எவன் தன்னதென்று மன்றத்தில் நின்று காக்க முடியும்? கடன்வாங்கிய பெயர் அழகும் தருவதில்லை, அரணும் தருவதில்லை. வேர்ச்சொல் வளம் நிறைந்த தமிழில் ஒரு நூறு புதுப்பெயர் புனையலாம். அவை தமிழுக்கும் ஆக்கம், தொழிலுக்கும் காப்பு.

பெயர் எளியதாக இருத்தலும் குறையன்று. திண்டுக்கல்லில் 1957இல் தொடங்கிய ஓர் உணவகம், அதனைத் தோற்றுவித்தவர் தலையில் கட்டிய தலைப்பாகையாலேயே மக்கள் வாயில் தலப்பாக்கட்டி எனப் பெயர் பெற்றது. பின்னாளில் அதனை ஒத்த பெயர்களைப் பிறர் தம் பலகைகளில் எழுதியபோது, வழக்குச் சென்னை உயர்முறைமன்றம் வரை சென்றது. ஒரு தலைப்பாகைப் பெயருக்கு அத்துணை மதிப்பென்றால், உளிபிடித்த பரம்பரையின் பெயருக்கு எத்துணை மதிப்பிருக்க வேண்டும்!

பதிவு செய்துவிட்டு உறங்குவோனுக்கும் பயனில்லை. பதிந்த குறியை ஐந்தாண்டும் அதன்மேல் மூன்று திங்களும் வழங்காது வைத்திருந்தால், பிறர் கேட்டு அதை நீக்கச் செய்யலாம். பின்வந்த ஒருவன் ஒத்த குறியைப் பதிந்து வழங்குவதை அறிந்தும் ஐந்தாண்டு வாய்மூடிக் கிடந்தால், அதன்பின் அவன் நல்லெண்ணத்தோடு பதியவில்லை என்று காட்டினாலன்றித் தடுக்க இயலாது. விழிப்போடு இருப்பவனுக்கோ சட்டம் துணை நிற்கின்றது. மாமல்லபுரத்திற் பட்டறை வைத்திருப்பவன், போலி செய்தவன் எவ்வூரில் இருப்பினும், தான் தொழில் செய்யும் மாவட்டத்தின் முறைமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எதிரியின் ஊர் தேடி அலைய வேண்டா. போலிக்குறியிட்டு விற்பது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறை. உரூபா 50,000 முதல் 2,00,000 வரை தண்டம். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலர், பதிவாளரின் கருத்தைப் பெற்றபின், போலிப் பொருளைத் தேடிக் கைப்பற்றலாம்.

பதிவு செய்யாதவனும் முற்றிலும் கைவிடப்பட்டவன் அல்லன். நெடுநாள் வழங்கி நற்பெயர் ஈட்டிய குறியைப் பிறன் தன்னதுபோற் காட்டி விற்றால், பொதுச்சட்டத்தின்படி தடுக்கலாம். ஆனால் முதலில் வழங்கியவன் தானே என்பதையும், அப்பெயரை மக்கள் அறிவர் என்பதையும் அவனே மெய்ப்பிக்க வேண்டும். எதைக் கொண்டு? பழைய பற்றுச்சீட்டு, கணக்கேடு, விளம்பரத் தாள், அனுப்பிய சிலையின் நிழற்படம் ஆகியவற்றைக் கொண்டுதான். வாய்ச்சொல்லால் வணிகம் செய்து, தாளைக் கிழித்தெறியும் பட்டறைக்காரன், தன் உரிமையையும் உடன் கிழித்தெறிகின்றான்.

இதுகாறும் கூறியது தனியாளின் பெயர். ஊரின் பெயருக்குக் காவல் யாது? அரசு ஆவணங்கள் புவிசார் குறியீடு என வழங்கும் ஊர்க்குறியே அக்காவல். அதற்கெனத் தனிச்சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, அதுவும் 15.9.2003இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான அதன் பதிவகம் சென்னையிலேயே உள்ளது. 2004இல் தார்சிலிங்குத் தேயிலை முதலில் இடம்பெற்றது. பின்னர்க் காஞ்சிபுரப் பட்டும் இடம்பெற்றது. இன்று தமிழ்நாட்டுப் பொருள்கள் 60க்கு மேல் அப்பட்டியலில் உள்ளன. மாமல்லபுரத்துக் கற்சிலை 2017இல் அவ்வுரிமையைப் பெற்றது. ஊர்க்குறியை ஒருவனும் விற்க இயலாது. அடகு வைக்க இயலாது. அஃது ஊர்த்தொழிலோர் அனைவரின் உரிமை. ஆயினும் ஒரு கைவினைஞன் அதன் பெயரால் தானே மன்றம் ஏற வேண்டுமெனில், அவன் பதிவு பெற்ற பயனாளியாக வேண்டும். அதற்குரிய கட்டணம் 2020இல் உரூபா 500இலிருந்து வெறும் 10 ஆகக் குறைக்கப்பட்டது. பத்து உரூபாவுக்குக் கிடைக்கும் இவ்வுரிமையைப் பெறாதிருப்பது யார் குற்றம்?

தமிழ் நெஞ்சங்களே, இனிக் கூறப்போவதே இப்பேச்சின் உயிர். அந்த ஊர்க்குறி எப்பெயரால் பதியப்பட்டுள்ளது தெரியுமா? 'மகாபலிபுரம்' கற்சிலை என்றே பதியப்பட்டுள்ளது! மாமல்லன் என்னும் விருதுப்பெயர் கொண்ட நரசிம்மவர்மனால் ஊர் பெற்ற பெயர் மாமல்லபுரம். திருமங்கையாழ்வார் பாடிய ஊர் கடல்மல்லை. அரசின் சிற்பக்கல்லூரி இருப்பதும் மாமல்லபுரத்தில்தான். உரிமைப் பதிவேட்டில் மட்டும் புனைகதை மாவலியின் பெயர் ஏறி அமர்ந்துகொண்டது. இதனை வெறும் பெயர்ப்பற்று என்று எள்ளுவோர் வழக்குமன்றத்தை அறியாதவர். பதிவேட்டில் ஒரு பெயரும், ஊர்ப்பலகையிலும் பற்றுச்சீட்டிலும் வேறொரு பெயரும் இருப்பின், அவ்விடைவெளி போலி விற்பவனின் வழக்குரைஞர் நுழையும் வாயிலாகக்கூடும். 2021-22இல் மட்டும் 1,44,984 அயல்நாட்டார் மாமல்லபுரத்துத் தொல்சின்னங்களைக் கண்டு சென்றனர். அவர்கள் கொண்டு சென்ற சிலையோடு எப்பெயர் உலகிற்குச் சென்றது?

மற்றுமொரு முட்டுக்கட்டையும் உண்டு. தமிழெழுத்தால் ஆன குறியைப் பதியச் சட்டம் இடந்தருகின்றது, மறுக்கவில்லை. ஆனால் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, அச்சொல்லின் ஒலியையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதித் தர வேண்டும். வேண்டுகையும் அவ்விரு மொழிகளுள் ஒன்றில்தான் இருக்க வேண்டும். கிண்டியில் இருக்கும் அலுவலகத்தில், செங்கற்பட்டு மாவட்டத்துக் கற்றச்சன், தமிழ்ச்சொல்லின் பொருளைத் தமிழில் சொல்ல இயலாது! உளிபிடித்த கை, படிவம் நிரப்ப இடையாளின் கையைப் பிடிக்க வேண்டியிருக்கின்றது. அவ்விடையாள் தன் பெயரையே உரிமையாளன் பெயராக எழுதினாலும், படிக்கத் தெரியாதவன் எங்ஙனம் அறிவான்? மொழியுரிமை இழந்தவன் தொழிலுரிமையையும் இழப்பான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

ஆகலின் செய்ய வேண்டுவன சிலவே. பட்டறை வைத்திருப்போர் தமிழிற் பெயர் புனைந்து, தமிழெழுத்தில் தம் குறியைத் தம் பெயராலேயே பதிக. ஊர்த்தொழிலோர் அனைவரும் ஊர்க்குறியின் பயனாளிகளாகப் பதிக. விற்கும் ஒவ்வொரு சிலைக்கும் பெயரிட்ட பற்றுச்சீட்டு எழுதி, அதன் படியைக் காத்து வைக்க. தமிழ் கற்ற இளைஞர் அப்பட்டறைகளுக்குச் சென்று படிவம் எழுதித் தருக. மேடையில் முழங்குவதினும் இது மேலான தமிழ்த்தொண்டு. பதிவேட்டில் மாமல்லபுரம் என்னும் பெயர் ஏறவும், சென்னை அலுவலகம் தமிழ் வேண்டுகையை ஏற்கவும் தமிழ்நாட்டரசு நடுவணரசை வலியுறுத்துக.

பூஞ்சேரிப் பாறையில் பெயர் வெட்டியவர்களுக்கு எந்தச் சட்டமும் துணையில்லை. எந்தப் பதிவகமும் இல்லை. தம் உழைப்பு தம்முடையது என்னும் தெளிவு ஒன்றே இருந்தது. உளி தீட்டிய கொல்லனின் பெயரும் அதனாலேயே இன்றும் அழியாமல் நிற்கின்றது. இன்று சட்டம் இருக்கின்றது; பதிவகமும் அடுத்த ஊரிலேயே இருக்கின்றது. வேண்டுவது அந்தத் தெளிவு ஒன்றே. அடுத்த சிலை மாமல்லபுரத்தை விட்டுக் கப்பலேறும்போது, அதன் அடியில் வடித்தவன் பெயர் தமிழில் இருக்கட்டும்!