சந்தையில பேரம் பேசலாம், வீட்டுல?

போன எபிசோடுக்கு அப்புறம் அதிகமா வந்த கேள்வி ஒண்ணுதான்: “ப்ரோ, இந்தப் பழைய கேமராவெல்லாம் எங்கே பிடிக்கிறீங்க? ஆன்லைன்ல வித்தா கையில என்ன நிக்கும்?” இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம். கடைசியில நான் தலைகுனிஞ்ச ஒரு கதையும் இருக்கு.

நான் ஃபிலிம் கேமரா மட்டும்தான் வாங்கி விக்கிறேன். ஆரம்பத்துல ரேடியோ, கைக்கடிகாரம், கிராமஃபோன் ரெக்கார்டுன்னு கண்ணுல பட்டதையெல்லாம் வாங்கினேன். பாதி இன்னும் பரண்ல கிடக்கு. ஒரு பொருளை நூறு தடவை கையில எடுத்துப் பார்த்தாத்தான் அதோட நோய் என்னன்னு தெரியும். அதனால முதல் ஆலோசனை: ஒரே பொருளைப் பிடிச்சுக்கோங்க.

சரக்கு எனக்கு மூணு வழியில வருது. ஒண்ணு, பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. ரெண்டு, பழைய பேப்பர் கடை. மூணு, வீடுகள்.

பல்லாவரத்துக்கு விடியறதுக்கு முன்னாடியே போயிடணும். கையில ஒரு சின்ன டார்ச் லைட் கட்டாயம். வெளிச்சம் இல்லைங்கிறதுக்காக மட்டும் இல்லை. லென்ஸுக்குப் பின்பக்கமா டார்ச் அடிச்சு முன்பக்கமாப் பார்க்கணும். சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. நம்ம சென்னை ஈரக்காத்துக்கு, பீரோவுக்குள்ள பூட்டி வெச்ச கேமராவுல அது வராம இருந்தாத்தான் ஆச்சரியம். அடுத்தது பேட்டரி மூடியைத் திறங்க. பச்சையாப் பூத்திருந்தா விலையைக் குறைச்சுக் கேளுங்க. யாஷிகா எலெக்ட்ரோ 35 கிடைச்சா, லீவரைச் சுத்தும்போது உள்ளேயிருந்து ‘டக்’னு ஒரு சத்தம் வரணும். வரலைன்னா உள்ளே ஒரு ரப்பர் பேட் தேய்ஞ்சு போயிருக்கும், வேலை வைக்கும். பென்டாக்ஸ் கே1000-ன்னா கவலை குறைவு. 1976-லிருந்து 1997 வரைக்கும் தயாரான கேமரா. ஷட்டருக்குப் பேட்டரியே தேவையில்லை, வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான். அதனாலேயே ஃபிலிம்ல புதுசா இறங்குற பசங்க அதைத் தேடி வாங்குறாங்க.

சந்தையில மொபைல் வாங்காதீங்கன்னுதான் சொல்வேன். வாங்கியே தீருவேன்னா, ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் போட்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுத்து, அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி தளத்துல சரிபாருங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சு வாங்கினா, வாங்கினவர் மேலயும் வழக்கு வரும்.

சந்தையில பேரம் பேச வெட்கப்படவே கூடாது. கடைக்காரர் 3,000 சொல்வார், நான் 800 கேட்பேன், அவர் முறைப்பார், 1,400-ல முடியும். ரெண்டு பேருக்கும் விளையாட்டு தெரியும். அவர் அதை எவ்வளவுக்கு எடுத்தார்னு எனக்குத் தெரியாது. நான் எவ்வளவுக்கு விப்பேன்னு அவருக்குத் தெரியாது. கணக்கு நேர்.

இப்போ அந்தக் கதை.

மேற்கு மாம்பலத்துல ஒரு வீடு. பேப்பர் கடைக்கார அண்ணன் ஒருத்தர் சொல்லிப் போனேன். தாத்தா தவறிப்போய் ஒரு வருஷம். வீட்டைக் காலி பண்றாங்க. பாட்டி மட்டும் இருந்தாங்க. தோல் உறையோட ஒரு கே1000 எடுத்துட்டு வந்து வெச்சாங்க. டார்ச் அடிச்சேன், லென்ஸ் கண்ணாடி மாதிரி இருந்தது. அடித்தகட்டுல தாத்தா பேரோட முதலெழுத்துகள். பாத்திரக்கடையில பேர் வெட்டுவாங்களே, அதே மாதிரி வெட்டியிருந்தார்.

“நீங்களே ஒரு விலை சொல்லுங்க தம்பி. எனக்கு இதெல்லாம் தெரியாது”ன்னாங்க.

நான் ரெண்டாயிரம்னு சொன்னேன். உடனே சரின்னாங்க. கூடவே காபியும் குடுத்தாங்க.

ஃபோம் சீல் மாத்தி சுத்தம் பண்ண 1,500 ஆச்சு. 11,000-க்குப் போட்டேன். குறையை மறைக்காம படம் போடறது என் வழக்கம். அதனால அந்த எழுத்துகளையும் கிட்டத்துல எடுத்துப் போட்டேன். ரெண்டே நாள்ல வித்துப்போச்சு. பெங்களூருக்கு அனுப்ப 300. கையில நின்னது 7,200. அன்னைக்குப் பிரியாணி.

அடுத்த வாரம் ஒரு பொண்ணு மெசேஜ் அனுப்பினாங்க. “அண்ணா, இது எங்க தாத்தா கேமரா. அந்த எழுத்தை வெச்சுக் கண்டுபிடிச்சேன். பாட்டிக்கு எவ்வளவு குடுத்தீங்க?”

ரொம்ப நேரம் பதில் போடல. அப்புறம் “ரெண்டாயிரம்”னு அனுப்பினேன். “சரிண்ணா”ன்னு ஒரே வார்த்தை வந்தது. திட்டியிருந்தா சண்டை போட்டுட்டு மறந்திருப்பேன்.

நான் பொய் சொல்லலையே, அவங்களே சம்மதிச்சாங்களே, என் உழைப்பு இருக்கே. எல்லா சமாதானமும் சொல்லிப் பார்த்தேன். ஒண்ணும் நிக்கல. ஏன்னா பாட்டி என்கிட்ட பேரம் பேசல. விலை என்னன்னு கேட்டாங்க. நான் அதுக்குப் பதில் சொல்லாம, எனக்கு வசதியான ஒரு எண்ணைச் சொன்னேன்.

3,500 எடுத்துக்கிட்டு போனேன். விஷயத்தைச் சொன்னேன். “நான்தானே சரின்னேன், எதுக்குப்பா இது?”ன்னாங்க. வற்புறுத்தினதும் வாங்கி, எண்ணிப் பார்த்து, அஞ்சறைப் பெட்டிக்குக் கீழே வெச்சாங்க. அப்புறம், “வாங்கினவர் அதுல படம் எடுக்கிறாரா, இல்ல அலமாரியில வெச்சிருக்காரா?”ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. பெங்களூருக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். முதல் ரோலே முடிஞ்சுபோச்சுன்னார். அதைப் பாட்டிக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

அன்னையிலிருந்து வீட்டுல வாங்கும்போது எனக்கு ஒரே விதி. இதே மாதிரி கேமரா இப்போ என்ன விலைக்குப் போகுதுன்னு போன்ல காட்டிடுவேன். சர்வீஸ் இவ்வளவு, கூரியர் இவ்வளவு, விக்காமப் போற ரிஸ்க் என்னோடதுன்னு ஒரு தாள்ல எழுதிடுவேன். செலவு போக நிக்கிறதுல பாதிப் பாதி. சில பேர் “அப்போ நாங்களே வித்துக்கிறோம்”பாங்க. எப்படிப் படம் எடுத்துப் போடணும்னு சொல்லிக் குடுத்துட்டு வந்துடுவேன்.

ஒரு கேமராவுக்குக் கிடைக்கிற லாபம் குறைஞ்சிருக்கு, உண்மைதான். ஆனா போன மாசம் வந்த நாலு கேமராவுல மூணு, ஏற்கெனவே என்கிட்ட வித்தவங்க சொல்லி அனுப்பின வீடுகள்லேர்ந்து வந்தது. ஒண்ணை அனுப்பினது அந்தப் பேத்தி.

சந்தையில என்னை மாதிரியே வியாபாரம் தெரிஞ்சவர்கிட்ட எவ்வளவு வேணாலும் குறைச்சுக் கேளுங்க. “எனக்குத் தெரியாது, நீங்களே சொல்லுங்க”ன்னு ஒருத்தர் சொன்னா, அந்த இடத்துல நீங்க வாங்க வந்தவர் மட்டும் இல்லை. அவர் பக்கத்துக்கும் நீங்கதான் பேசணும்.

அடுத்த எபிசோட்ல கேமராவை உடையாம எப்படிப் பேக் பண்றதுன்னு பார்க்கலாம். பழைய செய்தித்தாளைத் தூக்கிப் போட்டுடாதீங்க, வேலைக்கு ஆகும். வரட்டுமா?