எல்லையும் இணக்கமும்

(சுரண்டையில் நம் சங்க உறுப்பினரும் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊர் வளருங்கால் மதில்களும் உடன் வளர்கின்றன. பேரூராட்சியாயிருந்த நம் சுரண்டை இன்று நகராட்சியாய் உயர்ந்துள்ளது. முன்பு பயிர் விளைந்த நிலங்கள் மனைகளாகப் பகுக்கப்படுகின்றன. மனை வாங்கியவர் வீடு கட்டுமுன் சுற்றுச்சுவர் எழுப்புகின்றனர். நம் சங்க மண்டபத்திற்கும் உயர்ந்த மதில் ஒன்று வேண்டுமென அன்பர் சிலர் விரும்புகின்றனர். ஆதலின் எல்லை எவ்விடத்து நன்மை பயப்பது, எவ்விடத்துத் தீமை பயப்பது என்பதை ஆராய்ந்து துணிதல் நம் கடமையாகும்.

எல்லையே வேண்டா என்பது நம் கருத்தன்று. குற்றாலத்துப் பேரருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. வெள்ளம் பெருகி அவ்வளைவையும் கடந்து விழுங்கால் குளிப்பதற்குத் தடை விதிக்கின்றனர். அவ்வெல்லை செல்வர்க்கும் வறியர்க்கும் ஒன்றே. யாவருடைய உயிரையும் காப்பதற்கே அமைந்தது. நம் வயல்வரப்பும் இத்தகையதே. இரண்டு வயல்களைப் பிரிப்பதும் அதுவே. இருவயலாரும் நடந்து செல்லும் வழியும் அதுவே. மேல்வயலின் நீர் கீழ்வயலுக்கு இறங்க அதில் மடையும் உண்டு. மடையில்லா வரப்பு மேல்வயலை அழுகச் செய்யும். கீழ்வயலைக் காயச் செய்யும். இஃது உழவர் அனைவரும் அறிந்ததே.

நம் பழைய வீடுகளை நோக்குவோம். தெருவிற்கும் வாயிலுக்கும் இடையே திண்ணை இருந்தது. அது வீட்டாருக்கு உரியது. எனினும் வழிப்போக்கன் அமர்ந்து இளைப்பாற எவரிடமும் அனுமதி கேட்டானல்லன். அங்கிருந்த முதியோரின் கண் தெருவின்மேல் இருந்தமையால் பிள்ளைகள் அச்சமின்றி விளையாடினர். இன்று திண்ணை இருந்தவிடத்தில் ஆளுயரச் சுவரும் இரும்புக் கதவும் நிற்கின்றன. சுவருக்குள் இருப்பவர் தெருவில் நிகழ்வதை அறியார். தெருவில் உள்ளோர் வீட்டிற்குள் நிகழும் துன்பத்தை அறியார். உட்புகுந்த கள்வனுக்கும் அச்சுவர் மறைவாகுமன்றோ?

இனி நம் குலத்து வரலாற்றை நினைவுகூர்வோம். மாட்டுவண்டிகளில் சரக்கேற்றிச் சென்ற நாடார் வணிகர், வழியில் கள்வர் பயம் மிகுந்திருந்தமையின், சுற்றுமதிலுடைய பேட்டைகளை அமைத்து இரவில் அங்கே தங்கினர். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஆறு ஊர்களும் இவ்வாணிபத்தில் சிறந்து விளங்கின. அம்மதில்கள் அஞ்சியவரைக் காத்தன. ஆயினும் நம் முன்னோர் மதிலுக்குள் அடங்கிவிட்டாரல்லர். வாணிபத்தில் மகமை எடுத்தும், வீடுதோறும் பிடியரிசி திரட்டியும் பள்ளி வளர்த்தனர். 1889ஆம் ஆண்டு விருதுநகரில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை அதற்குச் சான்று. நம் மேன்மைக்குக் காரணம் பேட்டையின் மதிலன்று, பள்ளியின் வாயிலே என்பது வெள்ளிடைமலை.

மதிலுக்கு வெளியே நிற்பதின் வேதனையும் நாம் அறியாததன்று. 1897ஆம் ஆண்டு கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நம்மவர் புகுந்தமை குறித்து வழக்கு எழுந்தது. கீழ்க் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டிலும் தோற்று, 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றோம். பின்னர் 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் நடத்திய ஆலயப் பிரவேசத்தில், ஹரிஜன சகோதரரும் நாடார் ஒருவரும் ஒருங்கே புகுந்தனர். ஒரே வாயிலில் ஒருங்கே நுழைந்தவர், தாம் நுழைந்தபின் பின்வருவோர்க்கு எதிரே கதவடைத்தல் அறமாகுமோ?

1989ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனி தேசத்துப் பெர்லின் நகரை 28 ஆண்டுகள் பிளந்து நின்ற சுவர் வீழ்ந்தது, உலகம் மகிழ்ந்தது. அதே 1989இல் மதுரை ஜில்லா உத்தப்புரத்தில், சாதிக் கலகத்தை அடுத்து, தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பைப் பிரித்து ஒரு நெடுஞ்சுவர் எழும்பியது. 2008ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் சர்க்கார் அதன் ஒரு பகுதியை இடித்து வழிவிட்டது. 19 ஆண்டுகள் ஓர் ஊர் இரண்டாய்க் கிடந்தது. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன், சுமார் 20 அடி உயரமுள்ள சுற்றுமதில் மழையில் சரிந்து எளியோர் வீடுகளின்மேல் விழ, உறங்கியவருள் 17 பேர் மாண்டனர். வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டதுண்டு. சுவரே உயிரைக் குடித்ததைக் கண்ணாரக் கண்டோம்.

சட்டமும் இதில் வழிகாட்டுகின்றது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் இடையீடின்றி ஒரு கட்டடம் துய்த்துவந்த வெளிச்சத்திற்கும் காற்றிற்கும் உரிமை உண்டாகிறது. நம் நிலமே ஆயினும், அயலான் வீட்டு வெளிச்சத்தை மறைக்கும் உரிமை நமக்கு வரம்பற்றதன்று.

ஆதலின் நாம் செய்யத்தக்கன சில. புதுவீடு கட்டுவோர் தெருப்பக்கச் சுவரை இடுப்பளவில் நிறுத்தி, மேலே கம்பி அழி அமைப்பாராக. வாயிலின் புறத்தே இருவர் அமரத்தக்க ஒரு திண்ணையேனும் கட்டுவாராக. பொதுச்சுவர் வேண்டுமாயின் அயலாருடன் கலந்து பேசிச் செலவைப் பகிர்வாராக. சாக்கடையையும் மழைநீர் ஓடும் வழியையும் சுவரால் அடையாதிருப்பாராக. மேட்டு நிலத்தில் சுவர் எடுப்போர், நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விட்டு, பொறியாளரைக் கலந்தே எடுப்பாராக. கீழே உறங்குவோர் நம் மக்களைப் போன்றவரே.

நம் மண்டபத்தின் பொருட்டு நாம் கூறுவது இதுவே. கால்நடை புகாவண்ணம் தாழ்ந்த சுவர் ஒன்று போதும். அச்செலவில் மிஞ்சும் பொருளைக் கொண்டு வாயிலருகே குடிநீர்க் குழாயும், படிக்கும் பிள்ளைகளுக்கு விளக்கும் அமைப்போம். எக்குலத்தார் வந்து நீர் பருகினும், எவர் வீட்டுப் பிள்ளை வந்து படிப்பினும் மகிழ்வோம். வெளியே நிறுத்தப்பட்டிருந்த நம் முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதை அதுவேயாகும்.